பதின்ம வயதுப் பையன்களையும் பெண்களையும் ஓடியாட வைப்பது எது?

பதிமூன்று வயது மகளும் பதினைந்து வயது மகனும் செல்போனை வைத்துவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்கள், ஆர்வம் வர என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது.

முதலில், உங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளின் 2016 நிலவரத்தைப் பார்த்ததில் பையன்களில் 78 சதவீதம், பெண்களில் 85 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை.

அப்புறம், "உடம்புக்கு நல்லது" என்ற பேச்சு இந்த வயதில் எடுபடாது. நாற்பது வயதில் சுகர் வரும் என்று பதினாலு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அது வேறு யாருக்கோ வரப்போகிற நோய் மாதிரிதான் கேட்டுக்கொள்ளும்.

என்னிடம் ஒரு பெண் படித்தாள். ஆறாம் வகுப்பில் அவள் ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. எட்டாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு பீரியட் என்றாலே தலைவலி, வயிற்றுவலி, படிக்கட்டில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோது மெதுவாகச் சொன்னாள், "மிஸ், ஓடினா எல்லாரும் என்னையே பாக்குறாங்க." அவ்வளவுதான் விஷயம். அவளுடைய அம்மாவிடம் ஸ்போர்ட்ஸ் பிரா பற்றியும் அடர்நிற டிராக் பேண்ட் பற்றியும் பேசினேன், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு நேரம் ஒதுக்கினேன், அவளுடைய தோழியையும் சேர்த்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அவளே வந்து "மிஸ், இன்னைக்கு எத்தனை ரவுண்டு?" என்று கேட்டாள். ஆசை அவளை விட்டுப் போகவே இல்லை, கூச்சம்தான் அதை மூடி வைத்திருந்தது.

பையன்களுக்கும் அதே கூச்சம் உண்டு, வெளியே தெரியாது. முன்பெல்லாம் இரண்டு கேப்டன்களை நிற்க வைத்து அணி பிரிக்கச் சொல்வேன். கடைசியாக மிஞ்சும் பையன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருப்பான். அதை நான் கவனிக்கவே பல மாதம் ஆனது, இன்றைக்கும் வருத்தம்தான். இப்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்துவிடுகிறேன். பந்து என்றாலே ஒதுங்கிய ஒரு பையன் கம்பியைப் பிடித்துத் தொங்குவதில் ஆர்வமாகிவிட்டான். முதல் நாள் 8 விநாடி, ஒரு மாதம் கழித்து 25. யாரோடும் போட்டி இல்லை, நேற்றைவிட இன்றைக்கு இரண்டு விநாடி கூட என்பதே அவனை மறுநாளும் இழுத்து வந்தது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதனுக்கு உள்ளிருந்து உந்துதல் வர மூன்று வேண்டும் என்கிறார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற எண்ணம், எனக்கு இது வருகிறது என்ற நம்பிக்கை, எனக்கென்று நாலு பேர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மைதானத்தில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். காசு தருகிறேன், புது போன் வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். புதிர் போட காசு கொடுத்து, பிறகு அதை நிறுத்தியபோது மாணவர்களின் ஆர்வம் குறைந்துபோனதை டெசி 1971லேயே காட்டியிருக்கிறார். தண்டனையாக ஓட விடுவதும் வேண்டாம், தாமதமாக வந்ததற்கு நாலு சுற்று ஓடிய பிள்ளை எந்தக் காலத்தில் ஓட்டத்தை விரும்பும்?

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். "குண்டாயிட்டே, போய் ஓடு" என்ற வார்த்தை தயவுசெய்து வீட்டில் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம், அண்ணன் கிண்டலாகச் சொல்வதும் சேர்த்துத்தான். மகனிடம் சைக்கிளா, நீச்சலா, வேறு ஏதாவதா என்று கேளுங்கள், அவன் சொல்வது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் சரி என்று சொல்லுங்கள். மகளுக்கு டான்ஸ் பிடித்தால் அதுவும் உடற்பயிற்சிதான், கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாலும் ஆடட்டும். வெளியே விளையாடப் போனால் எந்தத் தோழியோடு போகிறாள், உடை அவளுக்கு வசதியாக இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் கவனியுங்கள். முதல் ஒரு மாதம் மைதானத்தின் ஓரத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.