குழந்தைகளின் குரல்வளை மரு: கேள்வி பதில்

எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) 6, 11 வகைகளால் குழந்தைகளின் குரல்வளையில் முளைத்து, எடுக்க எடுக்கத் திரும்ப வரும் பாப்பிலோமா என்ற மரு பற்றிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மூச்சுப்பாதை அறுவை மருத்துவர்.

கே: என் 4 வயது மகனுக்கு ஆறு ஆபரேஷன் ஆகிவிட்டது. இந்த முறை ரிப்போர்ட்டில் "முன் மூலையில் கொஞ்சம் விடப்பட்டது" என்று இருக்கிறது. அரைகுறையாகச் செய்துவிட்டார்களா டாக்டர்?

ப: இல்லையம்மா, அப்படி எழுதியவர் விவரம் தெரிந்தவர். இரண்டு குரல் நாண்களும் முன்னால் கவட்டை மாதிரி சேர்கின்றன. அந்த மூலையில் இரு பக்கமும் ஒரே நாளில் உரித்தால், எதிரெதிரே இருக்கும் இரண்டு பச்சைப் புண்களும் ஒட்டிக்கொள்ளும். சில வாரத்தில் வாத்துக்கால் விரலிடுக்கு போல அங்கே சவ்வு கட்டும். குரல் கெடும், மூச்சுவழியும் முன்பக்கம் குறுகும். அதனால்தான் ஒரு பக்கத்தில் 1–2 மி.மீ. மருவை வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம். அதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

பின் மூலை இன்னும் மோசம். அங்கே தழும்பு விழுந்தால் நாண்கள் விரியாது. குரல் ஓரளவு இருக்கும், மூச்சுதான் திணறும்.

மூன்றாவது, ஆழம். மரு வளர்வது மேல்தோலில். அதற்கு அடியில் கூழ் போன்ற ஒரு மெல்லிய அடுக்கு அதிர்வதால்தான் குரல் வருகிறது. வெட்டு அதில் இறங்கினால் நாண் விறைத்துவிடும். பார்வைக்கு நல்லதாக இருக்கும் தோலிலும் வைரஸ் தங்கியிருப்பதால், வழித்துச் சுத்தம் செய்தாலும் மரு திரும்பும். தழும்புதான் மிச்சம்.

கே: எத்தனை ஆபரேஷனில் சரியாகும்?

ப: எண் கிடையாது. சிலருக்கு நான்கைந்தோடு அடங்கும், சிலருக்கு நூறைத் தாண்டும். 3 வயதுக்கு முன்பே தொடங்கினால், அல்லது 11ஆம் வகை என்றால், கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கே: கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீராதா?

ப: உயிர் போகும் நிலை தவிர வேண்டாம். துளையைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் புதிதாக மரு முளைக்கலாம். வைத்தே ஆக வேண்டியிருந்தால், முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிட வேண்டும்.

கே: இ.என்.டி. பி.ஜி. மாணவன் சார். லேசரா, மைக்ரோடெபிரைடரா?

ப: குழந்தைகளின் குரல்வளையில் கொத்தாக இருப்பதற்கு மைக்ரோடெபிரைடர், அதாவது சுழலும் பிளேடால் சீவி உறிஞ்சும் கருவி. 2.9 அல்லது 3.5 மி.மீ. ஸ்கிம்மர் பிளேடு, குறைந்த வேகம், நிமிடத்துக்கு 500 சுற்று போதும். முதலில் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) எடுத்துவிடுங்கள், பிளேடு உறிஞ்சியதில் நோயியலாருக்கு நல்ல துண்டு கிடைக்காது. கார்பன் டை ஆக்சைடு லேசரில் ரத்தம் குறைவு. ஆனால் சூடு ஆழத்துக்கு இறங்கும், புகையில் வைரஸ் டி.என்.ஏ. இருக்கும், தீ அபாயமும் உண்டு.

குறுக்கே ஒரு மயக்கவியல் மருத்துவர்: தீயைப் பூதாகரமாக்க வேண்டாம் சார். டியூபே வைக்காமல் ஜெட் வென்டிலேஷன், அதாவது மெல்லிய குழலில் வேகமாகக் காற்று ஊதுவது, கொடுத்தால் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

ப: டியூப் இல்லாவிட்டாலும் ஈரப்பஞ்சு இருக்கிறது, அது காய்ந்தால் எரியும். அதுகூட இரண்டாவது கவலைதான். நாண்களுக்குக் கீழே ஜெட் ஊதி, மேலே மரு அடைத்திருந்தால் உள்ளே போன காற்று எப்படி வெளியே வரும்? நியூமோதோராக்ஸ் வரும், நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கிவிடும். மேலிருந்து ஊதினாலும் மருத்துணுக்கு கீழே போகும் என்ற பயம் இருக்கிறது. நான் கேட்பது குழந்தை தானாக மூச்சுவிடும் மயக்கம், புரோபோபால் என்ற மயக்க மருந்தைத் தொடர்ந்து ஏற்றி.

மயக்கவியல் மருத்துவர்: மயக்கத்தின் ஆழம் கொஞ்சம் குறைந்தால் லாரிங்கோஸ்பாஸம், குரல்வளை இறுகி மூடிக்கொள்ளும். அப்போது கத்துவது எங்களைப் பார்த்துத்தானே?

ப: நியாயம். அதனால்தான் நாண்களில் லிக்னோகெயின் (மரத்துப்போகும் மருந்து) தெளிக்காமல் ஸ்கோப் நுழையக் கூடாது என்கிறேன். கிலோவுக்கு 4 மி.கி., அதாவது 10 கிலோ குழந்தைக்கு 4% மருந்து 1 மி.லி., அதற்கு மேல் வேண்டாம். லேசர்தான் என்றால் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே, நைட்ரஸ் ஆக்சைடு கூடாது, கஃப்பில் (டியூபின் பலூனில்) நீலம் கலந்த சலைன் (உப்புநீர்), மேசையில் நிரப்பிய சலைன் சிரிஞ்ச். பற்றினால் டியூபை உருவு, வாயுவை நிறுத்து, சலைனை ஊற்று, மூன்றும் ஒரே மூச்சில். அறையில் எல்லோருக்கும் என்95. இதில் நமக்குள் சண்டையில்லையே?

மயக்கவியல் மருத்துவர்: இல்லை. ஜெட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே: ஊசி போட்டால் ஆபரேஷன் வேண்டாமாமே?

ப: வருடத்துக்கு நான்குக்கு மேல் ஆபரேஷன் தேவைப்பட்டால், அல்லது மரு நுரையீரல் பக்கம் இறங்கினால், கூடுதல் மருந்தைப் பற்றிப் பேசலாம். இப்போது அதிகம் பேசப்படுவது பெவாசிஸுமாப் என்ற மருந்து, ரத்தக்குழாய் வழியாக. ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பலருக்கு மரு திரும்புகிறது. 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை பெரியவர்களுக்கு மட்டுமே.

கே: எத்தனை ஆபரேஷன் ஆகும் டாக்டர்?

ப: மேலே இருக்கிறது.

கே: தங்கைக்கு ஒட்டுமா?

ப: சேர்ந்து விளையாடுவதாலோ சாப்பிடுவதாலோ ஒட்டாது.

கே: எந்தத் தடுப்பூசி?

ப: 6, 11 இரண்டும் சேர்ந்திருக்கும் ஊசி: கார்டசில், அல்லது இந்தியாவின் செர்வாவாக். செர்வாரிக்ஸில் 16, 18 மட்டுமே, இந்த நோய்க்குப் பயனில்லை. குழந்தைக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து வருவதால், ஆஸ்திரேலியாவில் 2007இல் பள்ளி மாணவிகளுக்குப் போடத் தொடங்கிய பிறகு புதிய குழந்தை நோயாளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

கே: நேற்று ஆபரேஷன், இன்று வீட்டில் இருக்கிறோம். குரல் சுத்தமாக இல்லை. எத்தனை நாளில்...

ப: குரலை விடுங்கள், சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள். தொண்டைக்குழியும் விலாவும் உள்ளே இழுக்கிறதா? சும்மா இருக்கும்போதே மூச்சில் சத்தம் வருகிறதா? தண்ணீர் குடிக்கத் திணறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தூரம் என்றால் பக்கத்து அவசரப் பிரிவு. அட்ரினலின் நெபுலைசரில் சத்தம் குறைந்துவிட்டது என்று உடனே வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் வீக்கம் திரும்பலாம். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். "ஆஸ்துமா" என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள்.