இடுப்பில் ரிவால்வர், தோல் உறை: கேள்வி பதில்

கோல்ட் 1873 வகை ரிவால்வர், அதன் நகல்கள், அவற்றுக்கான தோல் உறைகள், அரிசோனாவில் அவற்றை வெளியே தெரியும்படி அணிவது. இவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். தோல், அளவு, பழக்கம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: சார், 4¾ அங்குலக் குழல் உள்ள கோல்ட் நகல் வாங்கியிருக்கிறேன். மலைப்பாதையில் நடக்கும்போது அணிய எந்த மாதிரி உறை நல்லது?

மூன்று பழைய மாதிரிகள் உண்டு. 1850களில் கலிபோர்னியாவில் பரவிய ஸ்லிம் ஜிம் துப்பாக்கியின் வடிவத்தை ஒட்டியே தைத்தது. பெல்ட் நுழையும் வளையம் பின்னால் தனியாக இருக்கும். 1870களில் வழக்கத்துக்கு வந்த மெக்சிகன் லூப் ஒரே தோல் துண்டில் ஆவது. பின்புறம் அகலமாகத் தொங்கும் பாவாடையில் இரண்டு மூன்று வளையங்களைக் கீறி, உறையையே மடித்து அவற்றுக்குள் நுழைத்திருப்பார்கள். மூன்றாவது புஸ்கடேரோ. இதில் பெல்ட்டிலேயே துளை வெட்டி, உறையைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, தொடையில் கயிற்றால் கட்டுவார்கள். சினிமாவில் பார்ப்பது இதைத்தான். ஆனால் இது 1920களில் வந்தது. கௌபாய்கள் மாடு ஓட்டிய காலத்தில் உறை உயரமாக, இடுப்போடு ஒட்டித்தான் இருந்தது.

நடப்பதற்கு மெக்சிகன் லூப் வாங்குங்கள். பிடி பெல்ட்டின் மட்டத்தில் நிற்கும். பாறையில் ஏறும்போது ஆடாது. புஸ்கடேரோ போட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ எடை தொடையில் மோதும். எந்த மாதிரி வாங்கினாலும் ஹாமரின் (பின்புறம் கட்டைவிரலால் இழுக்கும், தோட்டாவை அடிக்கும் பாகம்) மேல் மாட்டும் சிறு தோல் வார் அதில் இருக்க வேண்டும். வார் இல்லாத உறையை வாங்காதீர்கள்.

டூசான் வாசகர்: ஆறு அறை இருக்கிறது. எத்தனை தோட்டா போட்டு அணிவது?

ஐந்து. ஹாமர் காலி அறையின் மேல் இருக்க வேண்டும். கோல்ட்டிலும் அதன் பழைய பாணி நகல்களிலும் சுடும் ஊசி ஹாமரின் முகத்திலேயே இருக்கிறது. ஹாமரை முழுதாக இறக்கினால் அந்த ஊசி பிரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் மூடியை, தொட்டுக்கொண்டு நிற்கும். துப்பாக்கி கீழே விழுந்து ஹாமரில் அடிபட்டால் வெடிக்கும்.

போடும் முறை இது: குழலைப் பாதுகாப்பான திசையில் காட்டி, ஹாமரை அரை இழுப்பில் நிறுத்துங்கள். பக்கக் கதவைத் திறந்து ஒன்று போடுங்கள், ஒன்றை விடுங்கள், அடுத்த நான்கையும் போடுங்கள். கதவை மூடி, ஹாமரை முழுதாக இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்குங்கள். ஊசி காலி அறையில் வந்து நிற்கும். அரை இழுப்பிலிருந்து நேராக இறக்காதீர்கள். முழு இழுப்புக்குப் போய்த்தான் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் பூட்டிக்கொள்ளாது, அதைச் சுற்றி ஒரு கோடும் தேய்ந்துவிடும்.

டாலஸ் வாசகர்: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கி அணியலாமா?

பொதுவாகக் கூடாது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. சுடும் பயிற்சிக் களத்தில் வாடகைக்கு எடுப்பதும் கையில் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஆயுதச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

மேசா வாசகர்: ஜீன்ஸ் பெல்ட்டில் மாட்டினால் உறை முன்னால் சாய்கிறது.

ஒன்றேகால் அங்குலப் பெல்ட் இந்த எடையைத் தாங்காது. இரண்டரை அல்லது மூன்று அங்குல அகலத்தில் தனிப் பெல்ட் வேண்டும். பேன்ட் அளவைச் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். அணியப்போகும் உடையோடு, பெல்ட் உட்காரும் இடத்தில் டேப் வைத்து அளந்து, நடுத்துளை அந்த அளவுக்கு வரும்படி சொல்லுங்கள். இருபுறமும் இரண்டிரண்டு துளைகள் மிச்சமிருந்தால் குளிர்கால உடைக்கும் சரியாக வரும். உறையில் உள்ள வளையத்தின் அகலமும் பெல்ட் அகலமும் பொருந்தாவிட்டால் எந்தப் பெல்ட்டிலும் சாயும்.

டூசான் வாசகர்: ஐந்து என்றீர்கள். ஆனால் ஹாமரை லேசாக இழுத்ததும் ஒரு முதல் பள்ளம் வருகிறது. கோல்ட் கம்பெனியே வைத்த பாதுகாப்புப் பள்ளம் அது. ஆறு போட்டு அதில் நிறுத்தினால் போதாதா?

போதாது. அந்தப் பள்ளத்தில் ஹாமரைத் தாங்கி நிற்பது விசையின் மெல்லிய எஃகு முனை. ஹாமரின் பின்புறம் கல்லில் அடிபட்டால், அந்த முனையோ பள்ளத்தின் உதடோ உடையும். உடைந்தால் ஹாமர் நேராகப் பிரைமரில் இறங்கும். பழைய துப்பாக்கிகளில் பள்ளம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆஸ்டின் வாசகர்: கேட்டவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் ஆறு போட்டார்கள். ஊசியை இரண்டு தோட்டா விளிம்புகளுக்கு நடுவே நிறுத்துவார்கள்.

அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஹாமர் இரண்டு அறைகளுக்கு நடுவே இறங்கியிருக்கும்போது சிலிண்டரைப் பூட்டும் கட்டை அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்காது. சிலிண்டரைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒற்றை ஊசி மட்டும்தான். உறையில் வைத்து எடுக்கும் உராய்வில் சிலிண்டர் சற்றுத் திரும்பினால் ஊசி பிரைமரின் மேல் வந்து உட்காரும்.

அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1876 ஜனவரி 9ஐப் பாருங்கள். கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில், அப்போது காவல்பணியில் இருந்த வயட் எர்ப் ஒரு மதுக்கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்தது. ஹாமர் அடிபட்டது. தோட்டா அவர் கோட்டைத் துளைத்து மேற்கூரை வழியாகப் போனது. ஊர்ப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. அங்கே நடந்தவை இரண்டு தவறுகள்: ஹாமருக்குக் கீழே தோட்டா இருந்தது, துப்பாக்கியை உறை பிடித்து வைக்கவில்லை. ஐந்து தோட்டாவும் ஹாமர் வாரும் இந்த இரண்டுக்கும்தான் மருந்து.

சியாட்டில் வாசகி: அண்ணா, என் கணவருக்கு நானே உறை தைக்க விரும்புகிறேன். எந்தத் தோல், எப்படி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

தாவரப் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் வேண்டும். எட்டு முதல் ஒன்பது அவுன்ஸ் கனம், அதாவது சுமார் 3.2 முதல் 3.6 மி.மீ. குரோம் உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம். அது நனைத்து உருவம் கொடுத்தாலும் அப்படியே நிற்காது, அதிலுள்ள உப்புகள் எஃகில் துரு ஏற்றும். நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடும் தோலும் தாவரத் தோல்தான். ஆனால் பெரும்பாலும் மெல்லியது. இரண்டு அடுக்கு ஒட்டினால்தான் இந்த வேலைக்கு ஆகும்.

முதலில் தோலைத் தொடாதீர்கள். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள். தடித்த காகிதத்தை அதன்மேல் சுற்றி, விசைப்பக்கம் இரு ஓரமும் சேரும் இடத்தைக் கிள்ளிக் கோடு போடுங்கள். சிலிண்டர் இருக்கும் இடத்தில்தான் எல்லோரும் இடம் போதாமல் வெட்டித் தோற்கிறார்கள். தோலின் கனத்தையும் சேர்த்து வெட்டுங்கள்.

தைக்கும் ஓரத்தில் இரண்டு தோலுக்கு நடுவே இன்னொரு தோல் பட்டையை வைத்து ஒட்டுங்கள். விசைக்காப்பு வளையம் நூலில் உரசாமல் அது காக்கும். அங்குலத்துக்கு ஆறு தையல், மெழுகு நூல், இரண்டு ஊசி. நூலின் நீளம் தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது.

பிறகு வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகள் முக்கி எடுத்து, துப்பாக்கியை பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே தள்ளி விரலால் அழுத்தி உருவம் கொடுங்கள். முன் குறிமுனையின் மேல் ஒரு மெல்லிய குச்சியை நீளவாக்கில் வைத்துச் சுற்றினால் உள்ளே அதற்கென ஒரு வாய்க்கால் உருவாகும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குறிமுனை தோலைச் சீவும். சிலிண்டரின் பள்ளங்களுக்குள் தோலை அழுத்தாதீர்கள், உருவும்போது சிக்கும். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். வெயிலும் ஹேர் டிரையரும் தோலை முறுக்கிவிடும். காய்ந்ததும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் லேசாக ஒரு கை. அதிகமானால் உறை துவண்டு பிடிப்பு போய்விடும். முனையில் சிறு திறப்பு விடுங்கள், மணலும் நீரும் இறங்க.

ஹாமர் வாரைப் பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெட்டும்போதே அதற்கான இரண்டு துளைகளையும் போட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: எச்1பியில் இருந்தால் மனைவி பெயரில் வாங்கி நான் அணியலாமா?

டாலஸ் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். யார் பெயரில் இருக்கிறது என்பது கேள்வியல்ல. யார் இடுப்பில் இருக்கிறது என்பதுதான்.

ஸ்காட்ஸ்டேல் வாசகர்: புதிய உறை மிகவும் இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம். காலித் துப்பாக்கியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே தள்ளி ஓர் இரவு வைத்திருங்கள். மறுநாள், மெத்தையின் மேல், வாரைக் கழற்றி உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். துப்பாக்கி தானாக விழக்கூடாது. ரூகர் என்ற வேறொரு கம்பெனியின் பழைய வக்கேரோ ரிவால்வரைக் கோல்ட் உறையில் திணித்தீர்கள் என்றால் எதுவும் உதவாது. அதன் உடல் பெரிது. 2005இல் வந்த புதிய வக்கேரோ கோல்ட் அளவுதான்.

ஃபீனிக்ஸ் வாசகர்: வீட்டிலும் உறையிலேயே வைத்துவிடலாமா?

கூடாது. தாவரத் தோலிலும் அமிலமும் ஈரமும் உண்டு. ஒரே மாதத்தில் எஃகில் புள்ளி விழும். அரிசோனா வெயிலில் வியர்வை இன்னும் மோசம். வந்ததும் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி, தனியாகப் பூட்டி வையுங்கள். பெல்ட் வளையங்களில் பித்தளைத் தோட்டாக்களை விடாதீர்கள். பச்சைக் களிம்பு ஏறி அறைக்குள் போகாது, போனால் வராது.

டெம்பே வாசகர்: டூம்ஸ்டோன் ஊருக்கு அணிந்து போகலாமா? எங்கெல்லாம் தடை?

அரிசோனாவில் 18 வயது ஆனவர், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக்கூடியவர் என்றால், வெளியே தெரியும்படி அணிய உரிமம் தேவையில்லை. 21க்குக் கீழே உள்ளவர்கள் துப்பாக்கியைச் சட்டையால் மூடி மறைக்கக்கூடாது. பள்ளி வளாகம், தேர்தல் நாளில் வாக்குச்சாவடி, தபால் நிலையம் உள்ளிட்ட கூட்டாட்சிக் கட்டடங்கள் கூடாது. மது பரிமாறும் இடத்துக்குள் தெரியும்படி அணிந்து போகக்கூடாது. சாப்பிட மட்டும் போனாலும் இதேதான். கடைக்காரர் வேண்டாம் என்றால் வெளியேறிவிட வேண்டும்.

டூம்ஸ்டோனின் பழைய கதை இதற்கு நேர் எதிர். 1881இல் அந்த ஊர் தெருவில் ஆயுதம் அணிவதையே தடை செய்திருந்தது. அந்தத் தடையை அமல்படுத்தப் போனதில்தான், ஓ.கே. கோரல் சண்டை என்று பேர்பெற்ற அக்டோபர் 26 துப்பாக்கிச் சண்டை மூண்டது. அன்று வயட் எர்ப்பின் ரிவால்வர் இருந்தது கோட்டுப் பையில்.

கூட்டத்துக்குள் போகாதீர்கள் என்பது என் கருத்து. பின்னாலிருந்து யாராவது பிடியைப் பற்றி இழுத்தால் இந்த உறைகள் தடுக்காது. ஹாமர் வார் நழுவலைத் தடுக்கும், பறிப்பதைத் தடுக்காது.

மேசா வாசகர்: காரில் உட்கார்ந்தால் குழல் இருக்கையில் முட்டுகிறது.

முட்டும்போது துப்பாக்கி உறையிலிருந்து மேலே எழும், அப்படித்தான் நழுவுகிறது. வார் மாட்டியிருக்க வேண்டும். அதிகம் கார் ஓட்டுபவர் இடப்பக்கம் சாய்வாக வைக்கும் குறுக்கு உறை வாங்கலாம்.

சென்னை வாசகர்: இங்கே அணிய உரிமம் கிடைக்குமா?

1959 ஆயுதச் சட்டம் என் துறை அல்ல. உரிமம் வழங்கும் அதிகாரியிடம் கேளுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: எஃப்1 மாணவர். எனக்கு...

டாலஸ் வாசகருக்கான பதில். இனி விசா கேள்விகளுக்குப் பதில் இல்லை.

டூசான் வாசகர்: ஒப்புக்கொள்கிறேன், கோல்ட்டில் ஐந்து. ஆனால் என்னிடம் ஒரு பழைய ரூகரும் இருக்கிறது. அதில் ஆறு போடலாம் என்கிறார்களே?

1973இல் வந்த நியூ மாடல் ரூகர்களில் ஹாமருக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு எஃகுப் பட்டை உண்டு. விசையை இழுத்துப் பிடித்தால் மட்டுமே அது எழுந்து அடியை ஊசிக்குக் கடத்தும். அவற்றில் ஆறு போடலாம். கௌபாய் போட்டிகளில் அவற்றிலும் ஐந்துதான் விதி. 1973க்கு முந்தைய ரூகரில் உடலின் பக்கத்தில் மூன்று திருகுகள் இருக்கும், கோல்ட் போலவே ஆபத்து. கம்பெனி இலவசமாகப் பட்டை பொருத்தித் தருகிறது. பொருத்திய பிறகும் திருகுகள் மூன்றுதான் என்பதால் திருகை எண்ணி முடிவு செய்யாதீர்கள். தோட்டாக்களை எடுத்துவிட்டு, ஹாமரை முழுதாக இழுத்து, அதன் முகத்தைப் பாருங்கள். அலகு போல ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் ஐந்து. முகம் தட்டையாக இருந்தாலும், ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிப் பட்டை இருப்பதை உறுதி செய்யும் வரை ஐந்துதான்.