படகு இல்லாதவரும் பாஸ் கிளப்பில் சேரலாம்: டெக்சாஸ் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டல்லாஸ் பக்கத்து ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கும் உள்ளூர் கிளப் ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறேன். அடுத்தவர் படகின் பின்தட்டில் நின்று கற்றுக்கொண்டவன் நான். இப்போது என் படகில் புதியவர்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருகிறவற்றை எடுத்துக்கொண்டேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அளவு, எண்ணிக்கை விதிகளை மட்டும் உங்கள் ஊர் வனவிலங்குத் துறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் படகு இல்லை. அபார்ட்மென்டில் நிறுத்த இடமும் இல்லை. கிளப்பில் சேர்த்துக்கொள்வார்களா?

தாராளமாகச் சேர்ப்பார்கள் தம்பி. பெரும்பாலான கிளப்புகளில் போட்டர் (படகோடு வருகிறவர்), நான்-போட்டர் (படகு இல்லாமல் வருகிறவர்) என்று இரண்டு பிரிவு உண்டு. போட்டிக்கு முன்னால் சீட்டுக் குலுக்கி ஒரு போட்டருக்கு ஒரு நான்-போட்டர் என்று ஜோடி சேர்ப்பார்கள். முன்தட்டில் போட்டர் நின்று, படகை மெதுவாக நகர்த்துகிற சின்ன மின் மோட்டாரான டிரோலிங் மோட்டாரை ஓட்டுவார், பின்தட்டு உங்களுக்கு. உங்கள் மீன்களின் எடை மற்ற நான்-போட்டர்களோடுதான் ஒப்பிடப்படும், படகுக்காரரோடு அல்ல.

"முதலில் ஒரு படகு வாங்கிவிட்டுச் சேருகிறேன்" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம், இப்போதே சேருங்கள். பின்தட்டில் கிடைக்கிற பாடம் எந்த வீடியோவிலும் கிடைக்காது. ரே ராபர்ட்ஸ் ஏரியில் ஒருமுறை, மூழ்கிய மரங்களுக்கு நடுவே, முன்தட்டிலிருந்த பெரியவர் டெக்சாஸ் ரிக்கில் (கொக்கி முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கட்டும் முறை) பிளாஸ்டிக் புழுவைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கடிக்கவில்லை, அவருக்கு மாற்றி மாற்றிக் கடித்தது. நான் அவர் கையைப் பார்க்காமல் அவர் நூலைப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. புழு கீழே இறங்கும்போது அவர் நூலைத் தளர்வாக விட்டிருந்தார். கடி என்று கையில் எதுவும் தெரியாது. தண்ணீரைத் தொடும் இடத்தில் நூல் லேசாக ஒரு பக்கம் நகரும், அவ்வளவுதான். உடனே மிச்சத் தளர்வைச் சுற்றிவிட்டு ராடை (தூண்டில் கம்பை) ஓங்கி இழுப்பார். நான் கடி தெரியட்டும் என்று காத்திருந்த நேரத்தில் மீன் புழுவைத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது.

கேள்வி: கிளப்பை எங்கே தேடுவது? போனதும் அன்றே பணம் கட்ட வேண்டுமா?

பாஸ் ஆங்லர்ஸ் ஸ்போர்ட்ஸ்மேன் சொசைட்டி என்ற பெரிய அமைப்பை 1968-இல் ரே ஸ்காட் தொடங்கினார். அதன் கீழே பெரும்பாலான மாநிலங்களில் பாஸ் நேஷன் கிளப்புகள் இருக்கின்றன. மாநிலப் பக்கத்தில் பட்டியல் கிடைக்கும். அந்தக் கிளப்புகளில் சேர, தேசிய அமைப்பின் உறுப்பினர் அட்டையும் வேண்டும். எதிலும் இணையாத சின்னக் கிளப்புகளும் நிறைய உண்டு, அவற்றிலும் தவறில்லை. பக்கத்துத் தூண்டில் கடையில் கேளுங்கள், ஏரியில் படகு இறக்கும் இடத்தில் கேளுங்கள்.

முதலில் மாதக் கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். போன போட்டியில் யார் எந்த ஆழத்தில் பிடித்தார் என்று புதியவர் காதுபடப் பேசுகிறார்களா, கவனியுங்கள். பேசினால் அது நல்ல கிளப். வாயே திறக்காத கூட்டமென்றால் வேறு கிளப்பைப் பாருங்கள்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? பரிசுப் பணத்தில் ஈடுகட்ட முடியுமா?

முடியாது, அந்தக் கணக்கோடு வராதீர்கள். வருடச் சந்தா, போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம், விரும்பினால் 'பிக் பாஸ்' பானைக்கு, அதாவது அன்றைய மிகப் பெரிய மீனுக்கான பொதுப் பரிசுத் தொகைக்குக் கொஞ்சம். அன்றைக்கு ஆகிற பெட்ரோலிலும் ராம்ப் (படகு இறக்கும் சரிவு) கட்டணத்திலும் உங்கள் பங்கைப் படகுக்காரர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. அவர் படகுக்குப் போட்ட பணத்தோடு பார்த்தால் நம் பங்கு ஒன்றுமே இல்லை.

சாமான்களுக்கு மூன்று ராடு போதும். புழுவுக்கும் ஜிக்குக்கும் (ஈயத் தலை வைத்த கொக்கி) ஒன்று, கிராங்க்பெய்ட்டுக்கு (இழுத்தால் ஆடிக்கொண்டே மூழ்கும் பொம்மை மீன்) ஒன்று, மெல்லிய நூலோடு ஸ்பின்னிங் ராடு ஒன்று. பரிசு கிடைத்தால் அது வருமான வரிக் கணக்கில் வரும். விசாவில் இருப்பவர்கள் பரிசுப் பணம் வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: போட்டி நாள் எப்படி நடக்கும்? விதிகள் நிறைய இருக்குமோ?

விடிவதற்கு முன்பே ராம்ப்பில் இருக்க வேண்டும். லைவ்வெல் (மீனை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டி) காலியாக இருக்கிறதா என்று பார்த்து, எண் வரிசையில் படகுகளை விடுவார்கள். பெரிய இன்ஜின் ஓடும்போதெல்லாம் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் கில் சுவிட்ச் கயிற்றை (அவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிடும் கயிறு) மாட்டியிருக்க வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இந்தக் கயிறு 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் சட்டமே.

உயிர் இரை கூடாது, லூர் எனும் செயற்கை இரை மட்டும்தான். ஒருவருக்கு ஐந்து மீன். ஆறாவது கிடைத்தால் இருப்பதில் சின்னதைத் தண்ணீரில் விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. லேக் ஃபோர்க் என்ற ஏரி தனிக் கணக்கு: 16-க்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனை அங்கேயே விட்டுவிட வேண்டும். 24-ஐத் தொட்டது நாளுக்கு ஒன்றுதான். வாயை மூடி, மூக்கு பலகையை முட்ட, வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்கப் பழகுங்கள். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

திரும்புவதில் தாமதமானால் பல கிளப்புகளில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு குறைப்பார்கள். மீன் செத்துப்போனால் ஒவ்வொன்றுக்கும் கால் பவுண்டு குறையும்.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்து, எடை போட்டுத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவதா? குழம்பு வைத்தால் என்ன?

ஊரில் நம் அம்மாமார்கள் கேட்கிற கேள்வி இது, நியாயமானதும்கூட. ஆரம்பக் காலப் போட்டிகளில் பிடித்த மீனைக் கொன்றுதான் கொண்டு வந்தார்கள். ஒரே இடத்தில் இத்தனை பேர் இப்படிப் பிடித்தால் ஏரி தாங்காது என்று ரே ஸ்காட்டுக்குப் புரிந்தது. 1972-இல் 'மீனைக் கொல்லாதே' என்று பிரசாரத்தைத் தொடங்கினார். இன்று படகுக்குப் படகு லைவ்வெல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய பாஸ் பெரும்பாலும் பெண் மீன், முட்டைக்காரி. 1986-இல் லேக் ஃபோர்க்கில் பிடிபட்ட 17.67 பவுண்டு மீனுக்கு எதெல் என்று பெயர் வைத்தார்கள். டெக்சாஸின் ஷேர்லங்கர் திட்டத்தில் சேர்ந்த முதல் மீன் அதுதான். 13 பவுண்டைத் தாண்டிய மீனைப் பிடித்தவர் ஜனவரி முதல் மார்ச் வரை அதை அரசுப் பண்ணைக்கு இரவல் கொடுக்கலாம். அங்கே முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஏரிகளில் விடுகிறார்கள். இப்படி நடக்கிற ஊரில் பெரிய மீனை வெட்ட எனக்கு மனசு வராது.

குழம்பு வேண்டுமா, போட்டி இல்லாத நாளில் சட்டம் அனுமதிக்கிற அளவில் இருக்கிற சின்ன மீனை எடுத்துக்கொள்ளுங்கள், ருசியும் அதில்தான். கேடோ ஏரி பாஸில் பாதரச எச்சரிக்கை உண்டு. சமைக்கும் முன் எந்த ஏரி மீன் என்று பாருங்கள். போட்டி மீனைக் கோடையில் உயிரோடு வைத்திருக்க, லைவ்வெல்லில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் போட்டு, தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை நிறுத்தாமல் ஓட விடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். கனமான மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் தொங்க விடாதீர்கள், இன்னொரு கை வயிற்றுக்கடியில் இருக்கட்டும்.

கேள்வி: பெண்கள் சேரலாமா? நாள் முழுக்க முன்பின் தெரியாத ஒருவரோடு படகில் இருப்பது தயக்கமாக இருக்கிறது.

சேரலாம் அக்கா. கிம் பெய்ன்-மூர் 2009-இல், பாஸ் மீன்பிடியின் பெரிய சாம்பியன் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கிலேயே ஆண்களோடு போட்டியிட்டார், அப்படிப் போன முதல் பெண் அவர். உங்கள் தயக்கமும் நியாயம். முதல் கூட்டத்திலேயே தலைவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, கணவரோடோ தோழியோடோ ஜோடி கேளுங்கள். பல கிளப்புகள் முதல் சில போட்டிகளுக்கு அனுமதிக்கும். கழிப்பறைக்குக் கரை ஒதுங்க வேண்டுமென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற போட்டரை அடுத்த முறை ஒதுக்கிவிடச் சொல்லலாம்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. அவனுக்கு வழி உண்டா?

பள்ளி அணிகள் இருக்கின்றன. ஒரு படகில் இரண்டு மாணவர்கள், கூட ஒரு பெரியவர் கேப்டனாக. கேப்டன் தூண்டில் போடக் கூடாது. படகு இருக்கிற மாமா யாராவது அகப்பட்டால் விடாதீர்கள்.

கேள்வி: படகுக்காரருக்கு எரிச்சல் வராமல் நடந்துகொள்வது எப்படி?

அவர் குறிவைத்த இடத்துக்கு முன்னால் போய்த் தூண்டில் போடாதீர்கள். பின்பக்கமும் பக்கவாட்டும் உங்களுடையது. அவர் வேகமாகக் கடந்துபோகிற இடத்தில் நீங்கள் மெதுவாக ஒரு புழுவை இறக்கினால், அவர் விட்ட மீன் உங்களுக்கு. அவர் காட்டிய இடத்துக்கு அடுத்த வாரம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், இதை யாரும் மன்னிக்க மாட்டார்கள். அப்புறம், வாழைப்பழம் கொண்டு போகாதீர்கள். படகில் அது அபசகுனம் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள்.

கேள்வி: உள்ளூர் கிளப்பிலிருந்து கிளாசிக் வரை போக முடியுமா?

முடியும். கிளப் உறுப்பினராகத் தொடங்கிப் படிப்படியாக நேஷன் சாம்பியன்ஷிப் வரை போகலாம், அதில் முன்னால் வருகிறவர்களுக்குக் கிளாசிக்கில் இடம். கனெக்டிகட்டைச் சேர்ந்த பிரையன் கெர்ச்சல் இந்த வழியில் 1993 கிளாசிக்குப் போய்க் கடைசி இடத்தில் முடித்தார். மறுவருடம் அதே வழியில் திரும்ப வந்து, வட கரோலினாவின் ஹை ராக் ஏரியில் பட்டத்தையே வென்றார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார், வயது 23. கிளப் கூட்டங்களில் இன்றும் அவர் பெயர் வரும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம், ஆனால் முதலில் ஜாக்கெட் வாங்குங்கள், ராடு அப்புறம். காற்றடைத்து விரிகிற வகை நீச்சல் தெரியாதவர்களுக்கு ஏற்றதல்ல. ஃபோம் வகையை வாங்குங்கள். கடையிலேயே போட்டு, பட்டைகளை இறுக்கி, தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் ஒரு சைஸ் சின்னது வேண்டும். பெரிய இன்ஜின் ஓடும்போது மட்டும் போட்டால் போதும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நீங்கள் கரையில் ஏறும் வரை கழற்றாதீர்கள். சீட்டு எடுத்ததும் உங்கள் போட்டரிடமும் நீச்சல் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.