அலுவலகத்தில் ஏஐ ஏஜென்ட் மனிதர்களோடு சேர்ந்து எப்படி வேலை செய்யும்?

உங்கள் அலுவலகத்துக்கு ஏஜென்ட் வரப்போகிறது, இனி நமக்கு என்ன வேலை என்ற கலக்கத்தில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சாட்பாட் பதில் சொல்வதோடு சரி. ஏஜென்டுக்கு உங்கள் மென்பொருள்களை இயக்கும் அனுமதியும் உண்டு. ஒரு படி செய்யும், விளைவைப் பார்க்கும், அடுத்தது என்ன என்று தானே முடிவெடுக்கும்.

சப்ளையர் பில்லையே எடுத்துக்கொள்வோம். மெயிலில் வந்த பில்லைப் படித்து, பர்ச்சேஸ் ஆர்டரோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் ஒப்பிடும். மூன்றும் ஒத்துப்போனால் வவுச்சரை, அதாவது கணக்கில் ஏற்றும் பதிவை, வரைவாகப் போட்டு வைக்கும். ஆர்டர் 100 பெட்டி, வந்தது 96, பில்லோ 100-க்கு என்றால் அங்கேயே நின்று அக்கவுன்ட்ஸ் ஆளுக்குத் தள்ளிவிட வேண்டும். பணம் அனுப்பும் பட்டன் மட்டும் மனிதர் கையில்தான். போனால் திரும்பாத வேலை எதுவானாலும் இப்படித்தான்.

'டெமோவில் நன்றாகத்தானே ஓடியது' என்று கமென்டில் சண்டைக்கு வருபவர்களுக்கு: படிக்குப் படி 95 சதவீதம் சரியாகச் செய்தாலும், 10 படி தொடர்ந்து பிசகாமல் முடிய வாய்ப்பு சுமார் 60 சதவீதம்தான்.

அதிகம் சொதப்புவது மறுமுயற்சியில். சர்வர் பதில் தாமதமானால், வேலை நடக்கவில்லை என்று எண்ணி ஏஜென்ட் மறுபடி அனுப்பும். ஒரே பில் இரண்டு முறை ஏறிவிடும். 'இருமுறை போடாதே' என்று அதற்கு எழுதிவைத்தால் போதாது. அதே சப்ளையர் குறியீடும் அதே பில் எண்ணும் சேர்ந்து ஏற்கெனவே பதிவாகியிருந்தால் கணக்கு மென்பொருளே மறுக்க வேண்டும். இன்னொன்று, பில்லுக்குள் 'வங்கிக் கணக்கு எண்ணை மாற்று' என்று எவராவது எழுதி அனுப்பினால், அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்ளக்கூடும். வங்கி விவரத்தைத் திருத்தும் அனுமதியையே கொடுக்காதீர்கள். ஏஜென்டுக்கு லாகினும் தனியாக இருக்கட்டும். செய்தது ஆளா ஏஜென்டா என்று மென்பொருளின் செயல்பாட்டுப் பதிவில் தெரிய வேண்டும்.

ஒப்புதல் திரையில் 'சரி' பட்டன் மட்டும் இருந்தால், கொஞ்ச நாளில் யாரும் படிக்காமலே அமுக்குவார்கள். பில்லின் படம், ஆர்டர் வரி, வித்தியாசம் எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். நிர்வாகங்கள் மீது எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். சரிபார்க்கும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கில் எடுப்பதில்லை. தப்பு வந்தால் மட்டும் ஒப்புதல் கொடுத்தவர் பெயர் முதலில் வரும். 'மெஷின் சொன்னது' என்று நிறுவனமும் தப்பிக்க முடியாது. ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்ன வழக்கில், நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024-ல் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

தொடங்கும்போது, உங்கள் ஆட்கள் ஏற்கெனவே முடித்த பழைய பில்களைக் கொடுத்து விடையை ஒப்பிட்டுப் பாருங்கள். கோணலாக ஸ்கேன் செய்தவை, கையால் திருத்தியவை, கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து சப்ளையர் தரும் சீட்டு) எல்லாம் அதில் இருக்கட்டும்.