பாட்டு எங்கேயும் கிடைக்கும்

அண்ணனுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். 1975 வாக்கிலிருந்து அப்பா ரேடியோவில் பதிவு செய்த கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. சிலோன், திருச்சி, பிற்பாடு மதுரை வானொலி. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி இணையத்தில் ஒரு காப்பகமாக வைக்கலாம் என்று எண்ணம். இரைச்சலை நீக்க எந்த மென்பொருள் நல்லது? நடுநடுவே அறிவிப்பாளர் பேச்சு, நேயர் பெயர்கள், விளம்பரம், அப்பாவின் இருமல் எல்லாம் வருகின்றன. அவற்றை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் சுத்தமாகக் கொடுக்கலாம்தானே? எம்பி3 போதுமா? காப்புரிமைப் பிரச்சினை வருமா? வேலை முடிந்ததும் கேசட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா?

*

அன்புள்ள தம்பி,

எடைக்குப் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

கொஞ்ச நாளாக எனக்குள் ஓர் எரிச்சல் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அதன் குறுக்கே வந்து நின்றிருக்கிறீர்கள். யாரையோ திட்ட வேண்டியதில் பாதி உங்கள் மேல் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி சாலையில் இருக்கும் கருமாத்தூர் என் அத்தை வாக்கப்பட்ட ஊர். அத்தைக்கு ரேடியோ என்றால் சிலோன்தான். அவள் என்றில்லை, மதுரைச் சுற்றுவட்டாரமே அப்படித்தான். காரணம் டில்லியில் இருந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது அநேகமாக நின்றே போனது. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கிக் கதவைத் திறந்தார்கள். அதற்குள் சனம் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியாயிற்று. சிலோன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் வீட்டு மனுசர்கள் ஆனார்கள்.

அத்தை ஒருமுறை நேயர் விருப்பத்துக்குக் கடிதம் போட்டாள். அந்தக் காலத்தில் பெண்கள் எழுதினால் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு ‘மற்றும் குடும்பத்தினர்’ என்று முடிப்பதுதான் வழக்கம். அத்தை தன் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் கருமாத்தூர் என்று போட்டாள். வாசித்துவிட்டார்கள்! ‘கருமத்தூர்’ என்று வாசித்தார்கள், போகட்டும். தெருவே கேட்டது. மாமா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் ஊர்ப் பெயர் கெட்டதற்கா, தன் பெயர் விட்டுப்போனதற்கா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. பக்கத்து வீட்டில் மலேசியாவிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் ஒன்று ஓயாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். அதனால் இதுவும் கேசட்டில் ஏறிவிட்டது.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. போன மாதம் அந்தப் பக்கத்து வீட்டுப் பேரன் அதே கேசட்டைக் கணினியில் ஏற்றி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். திறந்தால் பாட்டு மட்டும்தான். “பேரு வாசிக்கிறதெல்லாம் போரடிக்கும்னு எடுத்துட்டேன் மாமா” என்கிறான். கேசட் எங்கேடா? பழைய சாமான்காரரிடம் போயாயிற்று.

அந்தப் பாட்டு எங்கேதான் இல்லை? டீக்கடைப் பென்டிரைவில் இருக்கிறது, ஷேர் ஆட்டோவில் ஓடுகிறது. கருமாத்தூர்க்காரி ஒருத்தி தன் பெயரைத் தானே எழுதி அனுப்பியதற்கு இருந்த சாட்சி ஒரே ஒரு கேசட். இப்போது நீங்கள் ஒரு பெட்டி நிறைய வைத்துக்கொண்டு கத்தரிக்கோலுக்கு யோசனை கேட்கிறீர்கள்.

இந்த அசட்டுத்தனம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் பழைய வானொலி நாடகங்களைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கும் ஆர்வலர்கள் உண்டு. அங்கே முப்பதுகளிலேயே நிகழ்ச்சிகளை 16 அங்குலத் தட்டுகளில் பதிந்து வைத்தார்கள். நம்மிடம் இல்லாத கொடுப்பினை அது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, ராணுவத்தினருக்காக நடந்த ஆயுதப்படை வானொலி அந்த நிகழ்ச்சிகளைத் தட்டுகளாக்கி உலகெங்கும் அனுப்பியது. அனுப்பும் முன் விளம்பரங்களை வெட்டி எடுத்துவிட்டது. நிறைய நிகழ்ச்சிகள் இன்று அந்த வெட்டுப்பட்ட வடிவில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. நாடகம் கையில் இருக்க, அங்கே சேகரிப்பாளர்கள் எதைத் தேடி அலைகிறார்கள் தெரியுமா? சோப்பு விளம்பரத்தை.

இரைச்சல் என்கிறீர்களே, அதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பகலில் வானத்தின் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரையும், தூரத்து நிலையங்கள் எழும்பி வரும். திருச்சிக்குப் பின்னால் வேற்று மொழி ஒன்று முணுமுணுத்தால் உங்கள் அப்பா பதிவு செய்தது இருட்டிய பிறகு என்று ஊகிக்கலாம். சடசடவென்று வெடித்தால் எங்கோ மின்னல். விடாமல் ‘ர்ர்’ என்று வந்தால் பம்ப்செட் மோட்டாரோ, மாவு மில்லோ. எந்த வருடம், எந்த மாதம் என்று அட்டையில் எழுதாத கேசட்டுக்கு இதைவிட்டால் வேறு துப்பு ஏது? மென்பொருளிடம் விட்டால் இரைச்சலோடு சேர்த்து ‘ச’வின் காற்றையும் சுரண்டி எடுக்கும். சரோஜ் நாராயணசுவாமி தண்ணீருக்கு அடியிலிருந்து டில்லிச் செய்தி வாசிப்பார். கேட்கச் சகிக்காது.

சுத்தப்படுத்திய பிரதி ஒன்று வேண்டுமென்றால் தனியாகச் செய்துகொள்ளுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

எம்பி3 கேட்பதற்கு மட்டும். மூலம் ஒலியைச் சுருக்காமல் வைக்கும் டபிள்யூஏவியாக (WAV) இருக்கட்டும், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் சுமார் ஒரு ஜிபி ஆகும், இன்றைக்கு அது ஒரு செலவா? எந்த மென்பொருள் என்பது பெரிய விஷயமில்லை, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியே போதும். டேப் ரிக்கார்டரில் நாடா உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைச் சின்னத் திருப்புளியால் திருப்பி, ஓசை எங்கே பளிச்சென்று திறக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்பாவின் டேப் ரிக்கார்டரில் ஹெட் கோணலாக இருந்திருந்தால் பதிவும் கோணலாகத்தான் இருக்கும், நீங்களும் அதே கோணலுக்குப் போக வேண்டும். ஓசை மங்கலாகக் கேட்பது பெரும்பாலும் இங்கேயே தீரும்.

காப்புரிமையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1957 சட்டப்படி இங்கே ஒலிபரப்புக்கான உரிமை, ஒலிபரப்பான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 25 வருடம். பாட்டின் ஒலிப்பதிவுக்கு 60 வருடம். ஆக, நீங்கள் வெட்டி எறிய நினைக்கும் அறிவிப்புக்குத்தான் வில்லங்கம் குறைவு. பொத்திப் பொத்தி எடுத்து வைக்க நினைக்கும் பாட்டுக்குத்தான் முழு வில்லங்கமும்! மேற்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள், நான் வக்கீல் இல்லை.

காப்பகம் என்று பலகை மாட்டிக்கொண்டு பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள். உங்களால் வேறொன்று முடியும். கேசட்டை ஓட்டும்போதே ஒரு நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டே வாருங்கள். வாசித்தவர் உச்சரித்தபடி ஊர்ப் பெயர் ஒரு பத்தியில், சரியான ஊர் எதிர்ப் பத்தியில். மேலூர், வாடிப்பட்டி, பேரையூர் என்று தேடினால் அந்த ஊர்க்காரர்கள் பெயர்கள் வந்து நிற்கிற மாதிரி செய்யுங்கள். எத்தனை வீட்டில் “எங்கம்மா பேரு ரேடியோல வந்துச்சு” என்று வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! அலுப்பான வேலைதான். அலுக்கட்டும்.

அப்பாவின் இருமல் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதையும் எழுதுங்கள். அவர் பதிவு செய்ய உட்கார்ந்தபோது பக்கத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள். சின்னப் பையன் குரல் ஏதாவது கேட்கிறதா பாருங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பெட்டியைத் திறந்துவிடுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்த கேசட்டுகளைத் தனியே ஒதுக்குங்கள், அவற்றை ஓட்டினால் ஹெட் வழியாக மற்றவற்றுக்கும் தொற்றும். அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் முதலில் அதை எடுத்து எறியுங்கள், கேசட்டின் பிளாஸ்டிக்குக்கு அது ஆகாது.