அவுட்-டூ என்றால் மிஞ்சுவது: ஆசிரியர் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த வாரக் கேள்விகளில் பாதி 'அவுட்-டூ' (outdo) என்ற வினைச்சொல்லைப் பற்றியே வந்திருக்கின்றன.

கே: சார், அதை எப்படிப் பயன்படுத்துவது? (படிவம் 5 மாணவி)

ப: 'அவுட்' முன்னால் ஒட்டினால், அந்தச் செயலில் இன்னொருவரைத் தாண்டுவது. ஓட்டத்தில் தாண்டினால் அவுட்-ரன், விற்பனையில் அவுட்-செல். எந்தச் செயலுக்கும் பொதுவானது அவுட்-டூ. உன் அப்பா 100 செம்பனைக் குலை வெட்டிய நாளில் பக்கத்து நிரை அண்ணன் 120 வெட்டினால், அண்ணன் அப்பாவை அவுட்-டிட். 'டூ' மாறுவது போலவே மாறும்: அவுட்-டிட், அவுட்-டன்.

ஒன்றை மறக்காதே. பின்னால் ஒப்பிடும் 'தேன்' (than) போடக்கூடாது. 'அப்பாவைவிட' என்று நினைத்தால் அது தானாக வந்து விழும். 'அப்பாவை மிஞ்சினார்' என்று நினை. தமிழில் 'ஐ' வருகிறதா? ஆங்கிலத்தில் ஆளின் பெயர் நேராக வரும்.

கே: எக்செல் (excel) என்பதும் இதுதானா?

ப: இல்லை. எக்செல்லுக்கு எதிராளி வேண்டாம். கணக்கில் சிறந்து விளங்கினாலே எக்செல். பின்னால் 'இன்' அல்லது 'அட்' வரும்.

கே: ரோட்டில் ஒரு லோரி என்னைப் பொத்தோங் பண்ணினால், அதாவது முந்திப் போனால்?

ப: அது ஓவர்டேக். வேக வரம்பைத் தாண்டினால் எக்சீட்.

கே: அவுட்-டூவுக்குப் பிறகு 'தேன்' வருமா?

ப: வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பெரியவர்களை மிஞ்சாதே என்றுதானே வளர்த்தோம்? அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா? (ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர்)

ப: நல்ல இடத்தில் பிடித்தீர்கள், ஐயா. 'கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்' என்பதில் அது வரம்பு மீறல். மிஞ்சின சோறு என்றால் மீதி. திறமையில் தாண்டுவதும் மிஞ்சுவதுதான். அவுட்-டூவுக்கு இந்தக் கடைசிப் பொருள் மட்டுமே. ஒருத்தி தன்னையே அவுட்-டூ செய்தாள் என்றால், முன்பு செய்ததைவிட நன்றாகச் செய்தாள் என்ற பாராட்டு.

கே: அப்படியானால் 'விஞ்சு' என்று சொல்லித் தாருங்களேன். (அதே ஐயா)

ப: அழகான சொல், பொருளும் சரி. ஆனால் லயத்துப் பிள்ளை வீட்டில் கேட்பது 'மிஞ்சு'. பழகிய சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால்தான் புதியது மனதில் நிற்கும். 'அப்பாவை விஞ்சினார்' என்பதிலும் அதே 'ஐ' இருப்பதால், மூத்த வகுப்புக்கு உங்கள் சொல்லையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கே: சார், 'அவுட்-டூட்' என்று எழுதலாமா?

ப: அவுட்-டிட்.

கே: அதற்குப் பின்னால் 'தேன்'?

ப: வேண்டாம்மா.