பெரிய ரயில் மாதிரிகள்: விலை எப்படி வருகிறது?

இரு தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. உள்ள பாதையில் ஓடும், 1:22.5 அளவு (அசலில் 22.5-ல் ஒரு பங்கு) கொண்ட பெரிய ரயில் மாதிரிகளின் விலை குறித்து நெல்லைச் சீமை நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, மேசையில் ஓடும் 1:87 என்ஜினைவிட இது நான்கு மடங்குதான் நீளம். விலை மட்டும் ஏன் எங்கேயோ போகிறது?

நீளம் நான்கு மடங்கு என்றால் பரப்பு ஏறத்தாழ 15 மடங்கு, கனஅளவு 58 மடங்கு. தகடும் பெயின்டும் பரப்பைப் பொறுத்துக் கூடும். ஆனால் விலையை ஏற்றுவது பொருளைவிட வேலைதான். சின்ன என்ஜினில் ரிவெட் வரிசையை விட்டுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. இதிலோ டிரைவர் அறைக்குள் நீராவி அழுத்தமானி, நெருப்புப் பெட்டியின் கதவு, கைப்பிடி எல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் தனியாக அறுத்து, அராவி, பற்றவைக்க வேண்டும்.

தென்காசி: அப்படியானால் பெரிய கம்பெனிகள் எப்படிக் கட்டுப்படியாகச் செய்கின்றன?

பிளாஸ்டிக் வார்ப்பில்தான். எஃகு அச்சுக்கு முதலிலேயே பெரும் பணம் போடவேண்டும். அதை எத்தனை உருப்படிகள் தாங்குகின்றன என்பதுதான் விலை. ஒரு பேச்சுக்கு அச்சு 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 என்ஜின் விற்றால் ஒன்றின்மேல் 1,000 ரூபாய். 400 மட்டும் விற்றால் 10,000. வாங்குவோர் குறைந்தால் கணக்கு உடனே ஆட்டம் காணும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் லேமன் நிறுவனம் 1968-ல் எல்ஜிபி என்ற பெயரில் ரயில் மாதிரிகளைக் கொண்டுவந்து, இந்த அளவை உலகெங்கும் பரப்பியது. அதுவே 2006-ல் திவாலாகி, மறு ஆண்டு மார்க்லின் என்ற இன்னொரு மாதிரி ரயில் நிறுவனத்தின் கைக்குப் போனது.

செங்கோட்டை: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

ஒன்றிரண்டு என்றால் வரவழைக்கலாம், வரியைக் கணக்கில் வையுங்கள். பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. சரக்குக் கட்டணத்தையும் சேர்த்த மதிப்பின்மேல்தான் வரி. பார்சல் பெரிது, கனமும் அதிகம் என்பதால் அந்தக் கட்டணமும் கூடும்.

அம்பாசமுத்திரம்: எங்களுடையது மரக் கடைசல் பட்டறை, அண்ணாச்சி. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி என்ஜின் மாதிரி ஒன்று செய்து தரக் கேட்கிறார்கள். என்ன விலை சொல்வது?

தம்பி, தயங்காமல் எடுத்துச் செய்யுங்கள். 45 மி.மீ.யை 22.5-ஆல் பெருக்கினால் 1,012 மி.மீ. சொச்சம், மீட்டர் கேஜுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டவாளம் கிடைக்காது. இதே அளவில் இன்றைய அகலப்பாதை வண்டி என்றால் ஏறத்தாழ 74 மி.மீ. தண்டவாளத்தை நீங்களே செய்ய வேண்டியிருக்கும். ஒய்.பி.யின் பெரிய சக்கரத்தின் விட்டம் 1,372 மி.மீ., உங்களுக்கு 61. கொதிகலன், புகைபோக்கி, மேலுள்ள குமிழ்கள் எல்லாம் உங்கள் கடைசல் கைக்கு எளிது. மரத்தின் ரேகை பெயின்டுக்கு மேல் தெரியாதபடி, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசி, தேய்த்து, மறுபடி பூசுங்கள். அந்த நேரத்தையும் எழுதி வையுங்கள்.

உதாரணக் கணக்கு: பொருள் 20,000. வேலை 160 மணி, மணிக்கு 150 என்றால் 24,000. சேதாரத்துக்குப் பத்தில் ஒன்று, 4,400. ஆக 48,400. இதில் லாபம் இன்னும் சேரவில்லை. கடை வழியாக விற்று, விற்பனை விலையில் கடைக்காரர் 35 சதவீதம் எடுத்தால், பலரும் 48,400-உடன் 35 சதவீதத்தைக் கூட்டி 65,340 என்று சொல்லிவிடுகிறார்கள். கையில் வருவது 42,471தான். உழைத்த கூலியிலேயே துண்டு விழும். 48,400-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும். 74,500-ஐ ஒட்டி வரும். நம் பக்கத்துக் கைவினைஞர்கள் பொருளுக்கு மட்டும் காசு வாங்கி, கைவேலையை இனாமாகக் கொடுப்பதைப் பார்க்கும்போது மனது பொறுக்கவில்லை. கூலியைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

வள்ளியூர்: நாங்கள் நான்கு பேர் ஒரே மாதிரி ரயில் பெட்டிகளாக எட்டு கேட்டால் விலை குறையுமா?

குறையும். லேசர் வெட்டுக்கு வரைபடம் ஒரே முறைதான். சக்கரச் சட்டத்துக்கு ஒரு மூல மாதிரி செய்து, அதிலிருந்து எடுத்த சிலிக்கோன் அச்சில் ரெசின் ஊற்றினால் போதும். அச்சு கிழியக் கிழியப் புதிதாக எடுக்கும் செலவு மட்டும் உண்டு. பெயின்டும் வயரிங்கும் எட்டுக்கும் எட்டு முறை. ஆளுக்கொரு நிறம் கேட்டால் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். நிறத்தை நால்வரும் பேசி முடிவுசெய்து, பொருளுக்கான முன்பணத்தோடு செய்பவரிடம் போங்கள்.